மாதம் 992 யூரோவில் ஜெர்மனியில் படித்துவிட முடியுமா?

கேள்வி | 14 ஜூன் 2025

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். இயந்திரப் பொறியியல் முதுகலைக்கு மாக்டெபுர்க், ஸ்டுட்கார்ட் ஆகிய இரண்டு இடங்களிலும் அனுமதி கிடைத்திருக்கிறது. விசாவுக்காக 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டும், அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும் என்கிறார்கள். ஜெர்மன் அரசே கணக்கிட்டுச் சொன்ன தொகை என்பதால் எல்லாச் செலவும் அதற்குள் அடங்கிவிடும், தனியாக வேறு பணம் தேவையில்லை என்று இங்கே கன்சல்டன்சியில் உறுதியாகச் சொல்கிறார்கள். அப்பா 20 லட்சம் ரூபாய் கடன் வாங்க வங்கிக்கு நடந்துகொண்டிருக்கிறார். அங்கே படித்தவர்கள் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள்.

15 ஜூன் 2025

நான் மாக்டெபுர்க்கில் முதுகலை படித்தேன், இப்போது ஸ்டுட்கார்ட் அருகே வேலை செய்கிறேன். உங்கள் இரண்டு ஊர்களையும் வாடகை கொடுத்து அறிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அந்த 992 எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். ஜெர்மன் மாணவர்களுக்கு அரசு வழங்கும் பாஃபேக் உதவித்தொகையின் உச்சவரம்பு அது. அதில் அடிப்படைத் தேவைக்கு 475 யூரோ, வாடகைக்கு 380 யூரோ, மருத்துவக் காப்பீட்டுக்கும் பராமரிப்புக் காப்பீட்டுக்குமாக 137 யூரோ என்று மூன்று பகுதிகள் உண்டு. வாடகைக்கான அந்த 380 நாடு முழுவதற்கும் ஒரே தொகை. மாக்டெபுர்க்கில் 380 யூரோவுக்கு அறை கிடைக்கும், பலருக்கு மிச்சமும் இருக்கும். ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ அந்தத் தொகைக்கு அறை கிடைத்தவர்களை நான் மாணவர் விடுதிக்கு வெளியே பார்த்ததில்லை.

ஆகவே 992 என்பது விசா அதிகாரி உங்கள் விண்ணப்பத்தை ஏற்பதற்கான அளவுகோல். எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு செலவாகும் என்பதை அது சொல்லாது. தொகையும் நிலையானதல்ல. 2021இல் மாதம் 861, 2023இல் 934, 2024 செப்டம்பரிலிருந்து 992 என்று உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கன்சல்டன்சிக்காரர் சொன்னது விசா மட்டும் கிடைத்தால் போதும் என்பவருக்குச் சரி, அங்கே போய்க் குடியிருக்க வேண்டியவருக்குச் சரியல்ல.

15 ஜூன் 2025, இரவு

ஊர்களை ஒப்பிட்டதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. மாதாந்திரச் சராசரியைவிட முதல் மூன்று மாதப் பணம்தான் மாணவர்களை நெருக்குகிறது. வாடகை மலிவான மாக்டெபுர்க்கிலும் அப்படித்தான். இதை விரிவாக எழுத வேண்டும்.

17 ஜூன் 2025

முதல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். வெந்நீர், சூடாக்கி எல்லாம் சேர்த்து 320 யூரோ வாடகையுள்ள அறை ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெறும் அறை வாடகை, அதாவது இங்கே கால்ட்மீட்டே எனப்படுவது, 250 யூரோ. வீட்டுக்காரர் அட்வான்ஸாக அதன் மூன்று மடங்கு வரை கேட்கலாம். அதுவே 750 யூரோ. முதல் மாத வாடகை 320. காப்பீடு 145 என்று வைக்கலாம். பல்கலைக்கழகத்தில் சேரும்போது செமஸ்டர் கட்டணம் ஏறக்குறைய 300. மெத்தை விரிப்பு, போர்வை, பாத்திரம், விளக்கு போன்றவற்றுக்குச் சிக்கனமாகப் பார்த்தாலும் 150. சாப்பாட்டுக்கு 200. கூட்டினால் 1,865 யூரோ வருகிறது. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து அந்த மாதம் வரக்கூடியது 992 மட்டுமே. உங்கள் பெயரில் 11,904 இருந்தாலும் அதற்கு மேல் ஒரு சென்ட் கூட எடுக்க முடியாது.

அந்த 992 கூட விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் கிடைப்பதில்லை. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து பணம் வந்து சேர உங்கள் பெயரில் ஐரோப்பிய நடப்புக் கணக்கு ஒன்று வேண்டும். கணக்குத் தொடங்கப் பல வங்கிகள் நகராட்சியில் முகவரியைப் பதிந்ததற்கான சான்றைக் கேட்கின்றன. பதிவதற்கு, இவர் என் வீட்டில் குடியேறினார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அதில் கையெழுத்துப் போட அவருக்கு முதலில் அட்வான்ஸ் வந்தாக வேண்டும். ஆக, பிளாக்டு அக்கவுண்டிலிருந்து பணம் வரத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பணம் தேவைப்படுகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் அக்டோபரில் ஊரே மாணவர்களால் நிரம்பும்போது நகராட்சி அலுவலகத்தில் அந்த இரண்டு வாரத்துக்குள் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு.

நான் வந்த ஆண்டு என்னோடு அதே விடுதித் தளத்தில் இருந்த மதுரைப் பெண்ணுக்கு முதல் தவணை நவம்பர் நடுவில்தான் வந்தது. அதுவரை அவள் வைத்திருந்த ஃபாரெக்ஸ் கார்டில் மீதி எவ்வளவு என்பதை ஒவ்வொரு இரவும் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். அறிவும் உழைப்பும் குறைவில்லாதவள். பாடத்தில் செலுத்த வேண்டிய கவனம் முழுவதையும் அந்த ஆறேழு வாரம் பணக்கவலை தின்றுவிட்டது.

எனவே என் கருத்து: பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே 2,500 யூரோவாவது, முடிந்தால் 3,000 யூரோ, உங்கள் கையில் இருக்க வேண்டும். பெரும்பகுதி கார்டில் இருக்கட்டும், கொஞ்சம் ரொக்கமாக இருக்கட்டும். கடன் விண்ணப்பத்தில் தொகையை எழுதுவதற்கு முன்பே இதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

18 ஜூன் 2025

மேலே சொன்ன 1,865இல் விமானச் சீட்டு இல்லை, இந்தியாவிலேயே ஆகும் செலவும் இல்லை. இந்தியப் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ. வந்தபின் வதிவிட அனுமதி அட்டைக்கு 100 யூரோ. அது இரண்டாம், மூன்றாம் மாதத்தில் வரும்.

22 ஜூன் 2025

அட்வான்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு மூன்று மாதம் குறைவாகத் தோன்றலாம், ஆனால் அதையும் ஒரே தவணையில் கொடுக்க வேண்டியதில்லை. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 551ஆம் பிரிவு அதை மூன்று சம மாதத் தவணைகளில் கட்டும் உரிமையைக் குடியிருப்பவருக்குத் தருகிறது. முதல் தவணையை வாடகைக் காலம் தொடங்கும்போது கட்டினால் போதும். மேலே நான் எழுதிய 750 இப்படிப் பிரிந்தால் முதல் மாதச் சுமை 500 யூரோ குறையும். ஆனால் அறைகளுக்குத் தட்டுப்பாடு இருக்கும் ஊரில், தவணை கேட்கும் மாணவரை விட்டுவிட்டு மொத்தமாகத் தருபவரையே வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பார் என்பதால், சட்டத்தை மட்டும் நம்பி வரவுசெலவைப் போட வேண்டாம்.

காலி செய்யும்போது அட்வான்ஸ் உடனே திரும்பாது. தண்ணீர், சூடாக்கி, குப்பை ஆகியவற்றின் ஆண்டுக் கணக்கு முடியும்வரை ஒரு பகுதியை வீட்டுக்காரர் நிறுத்தி வைக்கலாம். ஊர் திரும்பும் செலவுக்கு அந்தப் பணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதுபவர்கள் மோசடிக்காரர்கள். அறைப் படங்கள் அழகாக இருக்கும், வாடகை சந்தை விலையில் பாதியாக இருக்கும், ஒரு பாஸ்போர்ட் நகலும் சேர்த்தே வரும். நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ நேரில் பார்க்காத அறைக்கு ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். அனுமதிக் கடிதம் வந்த அன்றே அந்த ஊரின் மாணவர் சேவை அமைப்பான ஸ்டுடென்டன்வெர்க் நடத்தும் விடுதிகளுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வரிசை நீளமானது, முந்திக்கொள்பவருக்கே வாய்ப்பு.

6 ஜூலை 2025

இரண்டு ஊர்களையும் எண்களில் வைத்துப் பார்க்கலாம் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். வாடகையும் சாப்பாடும் நானும் என் நண்பர்களும் கொடுத்துவரும் அளவு. வேறு ஒருவருக்குக் கூடலாம், குறையலாம்.

மாக்டெபுர்க்கில் வாடகை 320, காப்பீடு 145, உணவு 200, கைபேசி 10, ஒவ்வொரு குடியிருப்பும் கட்ட வேண்டிய வானொலிக் கட்டணத்தில் உங்கள் பங்கு 6, செமஸ்டர் கட்டணத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் 50, மற்றவை 70. மொத்தம் 801 யூரோ. 992இல் ஏறக்குறைய 190 மிஞ்சும். அந்த மிச்சத்தில்தான் குளிர்காலக் கோட்டும், காலணியும், மூக்குக்கண்ணாடியும், ஊருக்குப் போகும் பயணச்சீட்டும் வாங்கியாக வேண்டும்.

ஸ்டுட்கார்ட்டில் பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு 600 என்று வைத்தால், உணவு 220, மற்றவை முன்போலவே. இதோடு, ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்கும் 1,500 யூரோ கல்விக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் அது மாதம் 250. கூட்டுத்தொகை 1,351. மாதந்தோறும் 359 யூரோ துண்டு விழுகிறது.

இரண்டு ஆண்டுகளில் கல்விக் கட்டணம் மட்டும் 6,000 யூரோ. வாடகை வேறுபாடு மாதம் 280 வீதம் 6,720. படிப்பின் தரத்தை நான் ஒப்பிடவில்லை. இந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதற்கு விடை இல்லாமல் ஸ்டுட்கார்ட் அனுமதியை ஏற்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஜெர்மனியில் கல்விக் கட்டணமே இல்லை என்று பொதுவாகச் சொல்வதும் இனிச் செல்லாது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் ஐரோப்பியர் அல்லாத முதுகலை மாணவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது.

7 ஜூலை 2025

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது ஸ்டுட்கார்ட்டின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டது சரியில்லை என்று பட்டது. மெர்சிடிஸ், போர்ஷே, பாஷ் எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. இயந்திரப் பொறியியல் மாணவருக்கு வெர்க்ஸ்டுடென்ட் எனப்படும் பகுதிநேர நிறுவன வேலையும், நிறுவனத்திலேயே ஆய்வறிக்கை எழுதும் வாய்ப்பும் மாக்டெபுர்க்கைவிட இங்கே அதிகம். இரண்டாம் ஆண்டில் அப்படி வேலை கிடைத்தவர்கள் 359 யூரோ பற்றாக்குறையை எளிதாகச் சரிக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லோரும் அதற்குள் ஓரளவு ஜெர்மன் பேசினார்கள். கடந்த ஓராண்டாக கார் நிறுவனங்கள் ஆட்குறைப்பு பற்றிப் பேசிவருகின்றன, மாணவர் வேலைகளும் சுருங்கியிருக்கின்றன. முதல் ஆண்டுச் செலவை வீட்டுப் பணத்திலோ கடனிலோ முழுமையாகக் காட்ட முடிந்தால் ஸ்டுட்கார்ட்டை யோசிக்கலாம். வேலை கிடைத்தால்தான் வாடகை என்ற நிலையில் வருவதானால் மாக்டெபுர்க்கே நல்லது.

10 ஆகஸ்ட் 2025

மாக்டெபுர்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று அறிந்தேன். இனி ரூபாயைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் உங்கள் அப்பாவின் கணக்கு யூரோவில் இல்லை.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு யூரோ 90 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்தது. இப்போது 100ஐத் தாண்டிவிட்டது. 11,904 யூரோவை 90 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 10,71,360 ரூபாய், 102 வீதம் கணக்கிட்டால் 12,14,208 ரூபாய். இடையில் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பத்தில் அது சிறு தொகையல்ல. கடன் தொகையை இன்றைய மாற்று வீதத்தில் எழுதாமல் பத்து விழுக்காடு கூட்டி எழுதுங்கள்.

20 லட்சம் கடனுக்கு 11 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 2,20,000, மாதத்துக்கு 18,333 ரூபாய். தவணை கட்டத் தேவையில்லாத காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். படிப்பு முடியும்வரை கவலையில்லை என்று வங்கியில் சொல்வார்கள், ஆனால் இரண்டரை ஆண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது அசலோடு அந்த வட்டியும் சேர்ந்து நிற்கும். வீட்டில் முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடச் சொல்லுங்கள். கடன் முழுவதும் ஒரே நாளில் கணக்குக்கு வராமல் தேவைக்கேற்பத் தவணைகளாக வந்தால், வராத பகுதிக்கு வட்டி இல்லை. இதை வங்கி மேலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்பும்போது பிடிக்கப்படும் டி.சி.எஸ். வரி பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2025 ஏப்ரல் முதல், அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திலிருந்து பெற்ற கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு அது இல்லை. சொந்தப் பணமானால், 2025-26 நிதியாண்டில் ஒருவர் 10 லட்சத்துக்கு மேல் கல்விக்காக அனுப்பும் தொகையில் 5 விழுக்காடு பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டி அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அப்பாவும் அம்மாவும் தத்தம் கணக்கிலிருந்து அவரவர் சேமிப்பைத் தனித்தனியாக அனுப்பினால் வரம்பு ஒவ்வொருவருக்கும் தனியே பொருந்தும்.

14 செப்டம்பர் 2025

ஒரு தாயார் எழுதியிருந்தார்: மகனுக்கு என்ன கொடுத்தனுப்புவது, 23 கிலோவை எப்படி நிரப்புவது என்று.

அரிசி வேண்டாம், அம்மா. இங்கே ஆல்டி, லிடில் போன்ற மலிவுக்கடைகளில் நீள அரிசியும், துருக்கியர் கடைகளில் பெரிய பையில் அரிசியும் மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. பால் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1 யூரோ, பத்து முட்டை 2 யூரோவை ஒட்டி. இங்கே விலை கூடுவன துவரம்பருப்பு, உளுந்து, புளி, நல்லெண்ணெய், நம் ஊர் மிளகாய்த்தூள் ஆகியவை. வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடியும் ரசப்பொடியும் இரண்டு கிலோ இருந்தால் ஓராண்டுக்கு வரும். பால் பொருளும் இறைச்சியும் எவ்வளவு சிறிய அளவானாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம்.

மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர் ஒன்றைக் கட்டாயம் வைத்தனுப்புங்கள். அலுமினியம் வேண்டாம், பல விடுதிகளில் இண்டக்‌ஷன் அடுப்பு இருப்பதால் அதில் சூடேறாது. அடிப்பகுதி தட்டையாக, காந்தம் ஒட்டுவதாக இருக்க வேண்டும். கூடவே இரண்டு கேஸ்கெட், ஒரு வெயிட், ஒரு சேஃப்டி வால்வு. என் குக்கரின் கேஸ்கெட் ஜனவரிக் குளிரில் விறைத்து, மூடியின் ஓரத்தில் நீராவி கசியத் தொடங்கியபோது, அம்மா செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த மாற்று ரப்பர்தான் கைகொடுத்தது. இங்கே அந்த அளவில் தேடினால் கிடைப்பதில்லை. வெளியே ஒரு வேளைச் சாப்பாடு 10 யூரோவைத் தாண்டும். பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் மாணவர் விலையில் 3, 4 யூரோவுக்குக் கிடைக்கும். மதியம் மென்சா, இரவு குக்கர் என்று வைத்துக்கொண்டால் உணவுக்கு மாதம் 200 தாராளமாகப் போதும்.

ஆனால் சாப்பாட்டில் கைவைத்துச் சேமிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். ரொட்டியும் ஜாமும் மட்டும் தின்று முதல் குளிர்காலத்தைக் கடந்தவர்கள் தேர்வு நேரத்தில் படுத்துவிட்டதைக் கண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனி மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலின் விலையில் 25 சென்ட் ஃபான்ட், அதாவது பாட்டிலுக்கான வைப்புத்தொகை, அடங்கியிருக்கும். காலிப் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, எனவே பாட்டில் தண்ணீர் தேவையே இல்லை.

26 அக்டோபர் 2025

முகவரிப் பதிவு முடிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லை என்று அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஏனெனில் அது கருவிக்கான கட்டணம் அல்ல, குடியிருப்புக்கானது. ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. பகிர்வு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஜூலையில் நான் 6 யூரோ என்று எழுதியது மூவர் வாழும் வீட்டைக் கருதித்தான். விடுதியில் பொது நடையிலிருந்து நேரே கதவு திறக்கும் தனி அறையானால் அதையே தனிக் குடியிருப்பாக எடுத்துக்கொள்வார்கள், 18.36 முழுவதும் உங்களுடையது. பதில் எழுதாமல் விட்டால் குடியேறிய மாதத்திலிருந்து கணக்கிட்டு அபராதத்தோடு கேட்பார்கள்.

காப்பீடு பற்றி 31 வயதில் முதுகலைக்கு வரும் ஒருவர் கேட்டிருக்கிறார். அரசுசார் காப்பீட்டில் மாதம் 140 முதல் 150 வரையிலான மாணவர் விலை 30 வயது வரைதான். அதற்கு மேல் தன்விருப்ப உறுப்பினராகச் சேர்ந்தால் மாதம் 250 யூரோவைத் தாண்டும்; அதற்கும் தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மலிவு என்று தனியார் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை: சேரும்போது அரசுசார் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கினால் படிப்பு முடியும்வரை மாணவர் விலைக்குத் திரும்ப முடியாது. மாதம் நூறு யூரோ மிச்சம் என்பதற்காக அதில் இறங்காதீர்கள்.

23 நவம்பர் 2025

வேலை. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் என்ற கணக்கிலும் செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாகச் செய்யும் ஹிவி வேலை இந்த வரம்பில் சேராது. சுயதொழிலுக்கு இந்த விசாவில் அனுமதி இல்லை என்பதால், பணியாளராக எடுக்காமல் ஒப்பந்தக்காரராகப் பதியச் சொல்லும் உணவு விநியோக வேலைகளில் கையெழுத்திடாதீர்கள். அதில் வரும் வருமானத்தைவிட வதிவிட அனுமதிக்கு வரும் ஆபத்து பெரிது.

மினிஜாப் எனப்படும் சிறு பகுதிநேர வேலை என்றால் 2025இல் மாதம் 556 யூரோ வரை சம்பாதிக்கலாம். முதல் செமஸ்டரில் அதையும் வரவில் சேர்க்காதீர்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கிடங்கில் இரவு நேரம் பெட்டி அடுக்கிவிட்டுக் காலை எட்டு மணி விரிவுரையில் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். தேர்வு ஒன்று தவறினால் படிப்பு ஆறு மாதம் நீளும். அந்த ஆறு மாதத்துக்கு மாக்டெபுர்க்கிலேயே 4,800 யூரோ ஆகும். இரவு வேலையில் சேர்த்த பணம் அதற்கு ஈடாகாது.

4 ஜனவரி 2026

ஜனவரி 1 முதல் மாறியவை: குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82இலிருந்து 13.90 யூரோவாக உயர்ந்திருக்கிறது, மினிஜாப் வரம்பு 603 ஆகியிருக்கிறது. ஜெர்மனி முழுவதும் செல்லும் மாதப் பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 58இலிருந்து 63 யூரோ. செமஸ்டர் கட்டணத்தில் அடங்கிய மாணவர் பயணச்சீட்டான செமஸ்டர் டிக்கெட்டின் விலை இதன் 60 விழுக்காடு என்பதால் அடுத்த செமஸ்டர் கட்டணமும் கூடும். நான் ஆறில் ஒரு பங்காக 50 என்று போட்டதை 55 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் கட்டணம் மாதாமாதம் கட்டுவது அல்ல. ஏப்ரலில் தொடங்கும் கோடைக்கால செமஸ்டருக்கு இந்த மாதமோ அடுத்த மாதமோ மறுபதிவு செய்து முழுத்தொகையையும் கட்ட வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும், பெயர் நீங்கினால் வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். பிப்ரவரி 992இலிருந்து அந்த 330 போனால், வாடகையும் காப்பீடும் கொடுத்தபின் கையில் 200கூட மிஞ்சாது. அதற்காகவே அக்டோபரிலிருந்து மாதம் 60 ஒதுக்கியிருக்க வேண்டும். இன்னும் தொடங்காதவர்கள் இந்த மாதம் தொடங்குங்கள்.

11 ஜனவரி 2026

ஈரோட்டுத் தம்பி எழுதியிருந்தார். மாக்டெபுர்க்கில் அறை கிடைத்து, கையிருப்பும் டிசம்பர் வரை போதியிருக்கிறது. முதல் தவணை நவம்பர் முதல் வாரத்திலேயே வந்துவிட்டதாம். இப்போது அவருடைய அப்பா கேட்பது: இரண்டாம் ஆண்டுப் பணத்தை எப்போது அனுப்புவது, மீண்டும் 11,904 வேண்டுமா?

அனுமதியை நீட்டிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான பணத்துக்குச் சான்று மீண்டும் கேட்பார்கள். ஓராண்டு முடியும் நேரத்தில் முதல் 11,904 ஏறக்குறைய காலியாகியிருக்கும் என்பதால், பலர் அந்த நேரத்தில்தான் தவித்துப்போகிறார்கள். எப்படிக் காட்ட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் அந்தந்த வெளிநாட்டினர் அலுவலகத்தைப் பொறுத்து வேறுபடுகிறது. சில இடங்களில் மீண்டும் பிளாக்டு அக்கவுண்ட் கேட்கிறார்கள். சில இடங்களில் வங்கி இருப்போடு வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டுகளும் காட்டினால் ஏற்கிறார்கள். அனுமதி முடிவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே உங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எதை ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவுக்கு என் பதில்: இப்போதே முழுவதையும் அனுப்ப வேண்டாம், கடனில் மீதித் தவணையை இப்போதே எடுத்தால் வட்டி கூடும். வங்கியிடம் அந்தத் தவணையை ஜூலையில் எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டு, அதற்குத் தேவையான மதிப்பெண் பட்டியலையும் மறுபதிவுச் சான்றையும் மகனிடமிருந்து மே மாதத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் முடிவைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டுப் பணத்தை விடுவிக்க மறுக்கும் வங்கிகள் உண்டு; தேர்வு முடிவுகளோ சில பாடங்களுக்கு ஏப்ரல் வரை இழுக்கும். ஏப்ரலுக்குள் வராத பாடங்கள் எவை என்று தம்பி தேர்வு அலுவலகத்தில் இந்த மாதமே கேட்டு, அந்தப் பட்டியலை அப்பாவுக்கு அனுப்பட்டும்.